நான்கு விளக்க ஏடுகள்

பிறருக்காக ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு எளிதன்று. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவர்கள் இதனை நன்கு அறிவார்கள். ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எனக்குப் பாடநூலையும் பயிற்சி நூலையும் தெரிந்தெடுத்துப் பழக்கம் உண்டேயன்றி, மனிதர் மகிழ்வதற்கான பயணத்தைத் தெரிந்தெடுத்துப் பழக்கம் இல்லை. ஆயினும் அத்தகைய பொறுப்பொன்று அண்மையில் என் தலைமேல் வந்து விழுந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே விடுதியில் தங்கிப் பயின்றவர்களில் நால்வர் இன்றும் மாதம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் கூடுகிறோம். துன் சம்பந்தன் சாலையோரத்து உணவகம் ஒன்றில் தேநீர் அருந்திக்கொண்டே, பாதிப் பொழுது கல்வி அமைச்சின் புதிய சுற்றறிக்கைகளைப் பற்றியும் பாதிப் பொழுது முழங்கால் வலியைப் பற்றியும் பேசுவோம். எங்களில் ஒருவருடைய மகள் பிரான்சின் தூலூஸ் நகரில் பொறியியல் பயில்கிறாள். அவளைப் பார்க்கப் போகும் சாக்கில் நான்கு குடும்பமும் சேர்ந்து அந்நாட்டைச் சுற்றி வரலாம் என்று பேச்சு எழுந்தது. கோபுரம் பார்த்துப் படம் பிடித்துத் திரும்பும் பயணம் வேண்டாம். அந்நாட்டின் உணவையும் ஒயினையும் ஊர் ஊராகச் சென்று அறியும் வழிகாட்டிப் பயணமாக இருக்கட்டும் என்றார் நண்பர். எதனைத் தேர்வது என்ற வினா எழுந்தபோது மூவரும் என்னைப் பார்த்தனர். தலைமையாசிரியர் என்றால் இத்தகைய வேலைகளுக்கும் தலைமை தாங்க வேண்டும் போலும்.

பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பயண அலுவலகத்திற்குப் போனேன். அங்கிருந்த இளம்பெண் நான்கு விளக்க ஏடுகளைக் கொடுத்தாள். முதலாவது பாரிஸும் ஷாம்பேன் வட்டாரமும். இரண்டாவது பர்கண்டியும் லியோன் நகரமும். மூன்றாவது ஜெர்மானிய எல்லையோரத்து அல்சாஸ். நான்காவது போர்தோவில் தொடங்கிக் கொன்யாக் நகரில் முடிவது. வழவழப்பான தாளில் திராட்சைக் குலைகளும் பாலாடைக்கட்டிகளும் மின்னின. சிவப்பு மையோடு அமர்ந்து படித்தேன். நெடுநாள் பழக்கம், விடுவதில்லை. அழகிய கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டும் வினாவைத் தொடாத விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். இவ்வேடுகளும் அவ்வாறே இருந்தன. மறக்கவியலாத சுவை, மயக்கும் மணம், காலத்தை வென்ற மரபு என்று நான்கிலும் ஒரே சொற்கள். ஏட்டின் அட்டையை மாற்றிவிட்டால் எந்த ஊரைச் சொல்கிறது என்று தெரியாது.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அறியாத ஊரின் பயணத்தை எடைபோட வேண்டுமானால், அறிந்த ஊரை அதே தராசில் வைத்துப் பார்க்கலாமே! நான் கிள்ளானில் வாழ்பவன். ஒரு சனிக்கிழமை காலை தெங்கு கிளானா சாலையில் நடந்தபடியே, பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு நம் ஊரைக் காட்டும் ஏட்டை மனத்திற்குள் எழுதினேன். ஒன்பது மணிக்குப் பூக்கடைகள், ஒன்பதரைக்குக் கோயில், பத்து மணிக்குச் சீனர் கடையில் பக்குத்தே, பதினொன்றுக்கு வாழையிலைச் சாப்பாடு, நண்பகலில் பேருந்தில் ஏறிக் கோலாலம்பூர். ஏட்டில் படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவ்விருந்தினர் மூன்று மணி நேரத்தில் இரண்டு முறை வயிறு நிறைய உண்டு, ஒன்றையும் அறியாமற் போய்விடுவார். பக்குத்தே துறைமுகத்து உழைப்பாளிகளோடு சேர்த்துப் பேசப்படும் காலை உணவு. 2024ஆம் ஆண்டில் தேசிய மரபுரிமை உணவுகளுள் ஒன்றாக அது அறிவிக்கப்பட்டபோது நாட்டில் எழுந்த வாதத்தை அவருக்கு யார் சொல்வார்? வாழையிலையை உண்டபின் நம் பக்கமாக மடிப்பதா, எதிர்ப்பக்கமாக மடிப்பதா என்பதற்கு ஒரு பொருள் உண்டென்று யார் காட்டுவார்? அவசரத்தில் உண்பவனுக்கு இலை வெறும் தட்டுதான்.

இந்தக் கற்பனைப் பயணத்தால் எனக்குச் சில வினாக்கள் கிடைத்தன. ஒரு குழுவில் எத்தனை பேர்? ஒரு நாளில் எத்தனை மது நிலவறைகள்? வழிகாட்டி அந்த ஊரிலேயே வாழ்பவரா, பாரிஸிலிருந்து கூட வருபவரா? உள்ளூரார் உண்ணும் இடத்தில் உண்ணும் வேளையில் உண்போமா? பிற்பகலில் ஒன்றும் செய்யாத ஒரு மணி நேரமாவது உண்டா? இவற்றை எழுதிக் கொடுத்ததும் அப்பெண் ஒரு வாரம் தவணை கேட்டாள்.

விடைகள் வந்தபின் முதல் ஏடு விழுந்துவிட்டது. நாற்பது பேர் கொண்ட பேருந்து. ஒரே நாளில் நான்கு நிலவறை. நான்காவது நிலவறையில் நிற்பவருக்கு நிலமும் தெரியாது, அறையும் தெரியாது என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்தது வயிற்றின் வினா. நாங்கள் எண்மர். எண்மரும் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள். ஒரு தம்பதியர் முற்றும் சைவம். என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் சைவம். பர்கண்டியின் பெருமைக்குரிய உணவோ சிவப்பு ஒயினில் நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சி. லியோன் நகரத்துச் சிறு உணவகங்கள் குடலுக்கும் ஈரலுக்கும் பெயர் பெற்றவை. அல்சாஸில் புளித்த முட்டைக்கோசோடு பன்றியிறைச்சி. சரி, பாலாடைக்கட்டி இருக்கிறதே என்று ஆறுதல் கொண்டோம். ஆனால் அந்நாட்டின் பேர்போன ரொக்ஃபோரும் கொம்தேயும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைக்கப்படுபவை என்று படித்துச் சொன்னேன். சைவ நண்பரின் மனைவி சற்று நேரம் பேசவில்லை. “பாலை உறைய வைக்க நாம் ஒரு துளி மோர் விடுகிறோம். அவர்கள் கன்றின் வயிற்றையா தேடிப் போகிறார்கள், சார்?” என்று பிறகு கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவர்களுடைய உணவு முறையை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது என்பதைச் சொல்லலாமா என்று நினைத்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

இதுவரையில் இது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒயினைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் மனம் கனக்கலாயிற்று.

பிரெஞ்சுக்காரர்கள் மதுவுக்கு மண்ணின் பெயரைச் சூட்டுகிறார்கள். பர்கண்டியில் ஓர் ஒற்றையடிப் பாதைக்கு இப்புறம் உள்ள நிலத்தின் மதுவுக்கு ஒரு பெயர்; அப்புறத்து மதுவுக்கு வேறொரு பெயர், வேறொரு விலை. துறவிகள் நூற்றாண்டுகளாகப் பிரித்துப் பிரித்துக் கண்ட அந்தத் துண்டு நிலங்களை 2015இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டார்கள். போர்தோவின் பண்ணைகளை 1855இல் முதல் தரம், இரண்டாம் தரம் எனப் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசைப்படுத்தினார்கள். அவ்வரிசை பெரும்பாலும் இன்றும் மாறவில்லை. எந்த மண்ணில் விளைந்தது எந்தப் பெயரைத் தாங்கலாம் என்று காப்பதற்கென்றே 1935இல் சட்டம் செய்தார்கள். புட்டியின் மேல் ஊர் உண்டு, ஆண்டு உண்டு, வளர்த்தவர் பெயரும் உண்டு. சுவைப்பவர்கள் வாயில் ஒரு மடக்கு வைத்து உருட்டிவிட்டு, நம் முன்னோர் வைத்திருந்த காளாஞ்சியைப் போன்ற பாத்திரத்தில் துப்புகிறார்கள். மயங்குவது அவர்கள் நோக்கமன்று. அறிவதே நோக்கம் என்கிறது ஏடு.

இதனைப் படித்துக்கொண்டிருந்த இரவில் எனக்கு எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை நினைவுக்கு வந்தது.

கிள்ளானுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். லயத்திலிருந்து கூப்பிடு தொலைவில் துத்தநாகக் கூரை வேய்ந்த கள்ளுக்கடை. அதற்கும் எங்கள் பள்ளிக்கூடத்திற்கும் இடையே ஒரு திடல்தான். மாலையில் கடை திறக்கும். சம்பள நாளன்று தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்பிக் கணவன்மாரை அழைத்து வரச் சொல்வார்கள். நானும் அவ்வாறு போய் நின்றிருக்கிறேன். அந்தப் புளித்த வாடையும் ஈக்களும் தகரக் குவளையின் ஓசையும் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. என் தந்தை கெட்டவர் அல்லர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மழையில் நனைந்து, மரம் வெட்டி, பால் சுமந்து, மாலையில் எதையோ மறப்பதற்காக அங்கே போனார். கள் போதாமற் போனபோது சம்சு வந்தது. எனக்குப் பதினைந்து வயதில் அவர் இறந்தார். கருமாதி நடந்த அன்றிரவு என் தாய் என்னைத் தனியே அழைத்து, “இதை வாயில வைக்க மாட்டேன்னு சொல்லு” என்றார். சொன்னேன். இன்றுவரை வைத்ததில்லை.

என் பாட்டனாரோ வேறுவிதம். 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர் அவர். தமிழ் நேசன் ஏட்டின் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் முன்னின்ற போராட்டம் அது. சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டாத உரிமை, பெண்களின் மானத்திற்குக் காப்பு ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, சிலர் உயிர் நீத்தனர், கடைகள் மூடப்படவில்லை. கடையை மூடச் சொல்லி நின்றவரின் மகன் அதே கடையில் தம் வாழ்நாளைக் கரைத்தார். இதனைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்தது இது.

ஒன்று மண்ணின் மரபாகப் போற்றப்படுவதும் மற்றொன்று கூலியின் இழிவாகத் தூற்றப்படுவதும் ஏன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு காரணம் பொருளிலேயே இருக்கிறது. கள் ஒரு நாள் உயிரி. காலையில் இறக்கும்போது இனிப்பு, மாலையில் புளிப்பும் வெறியும், மறுநாள் காடி. அதனைப் புட்டியில் அடைத்துப் பேரனுக்கு வைக்க முடியாது. கப்பலில் ஏற்றி ஊர்ப் பெயரைப் பரப்பவும் முடியாது. ஆனால் அதுவே முழுக் காரணமாகாது. சங்கப் பாடல்களில் கள்ளுக்கும் தேறலுக்கும் இழிவில்லை. ஔவையும் அதியமானும் ஒன்றாக அமர்ந்து அருந்தியதைப் புறநானூறு மறைக்கவில்லை. யவனர் கப்பலில் கொணர்ந்த மதுவைப் பற்றியும் அது பேசுகிறது. அத்தகைய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்தன. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததும் உண்மைதான். ஆயினும் மன்றத்தில் பகிர்ந்து உண்பது வேறு, சம்பளத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காகத் திறந்து வைத்த கடையில் உண்பது வேறு.

பிரெஞ்சு நாடு மட்டும் இத்துன்பத்தை அறியாதது என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே பள்ளி உணவறையில் பிள்ளைகளுக்கு ஒயின் வழங்கிய காலம் ஒன்று இருந்தது! 1954இல் பிரதமராக இருந்த மெந்தேஸ் பிரான்ஸ் பள்ளிகளில் பால் வழங்கத் தொடங்கினார், தாமே மக்கள் முன் பால் அருந்திக் காட்டினார், எள்ளி நகையாடப்பட்டார். 1956இல்தான் பதினான்கு வயதுக்குட்பட்ட மாணவர்க்குப் பள்ளியில் மது வழங்குவது தடை செய்யப்பட்டது. பள்ளியில் காலையுணவுத் திட்டத்தின் பால் பெட்டிகளை எண்ணிக் கையொப்பமிடும் எனக்கு அம்மனிதர் மேல் தனி அன்பு உண்டாயிற்று. பெருமை பேசும் ஏடுகள் எதுவும் இவரைக் குறிப்பிடவில்லை.

ஏடுகள் குறிப்பிடாத மற்றொன்றும் உண்டு. ஷாம்பேன் வட்டாரத்தில் 2023ஆம் ஆண்டு அறுவடையின்போது கடும் வெயில் அடித்த நாள்களில் திராட்சை பறித்தோர் சிலர் இறந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பறிப்பாளர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மனிதர் தங்கத் தகாத இடத்தில் அடைக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. 2025 ஜூலையில் நீதிமன்றம் மூவரை மனிதக் கடத்தல் குற்றத்திற்காகத் தண்டித்தது. இதனைப் படித்தபோது, திருமண மண்டபங்களில் புட்டி திறந்து நுரை தெறிக்கும் ஓசைக்குப் பின்னாலும் ஒரு லயம் இருக்கிறது என்று உணர்ந்தேன். குறைந்தது, அங்கே வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. நம் சிலாங்கூரிலும் 2018 செப்டம்பரில் நஞ்சு கலந்த மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுடைய பெயர்களை நாம் எத்தனை பேர் அறிவோம்?

பொறுப்பை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நான் எண்ணிக்கொண்டிருந்த வேளையில் நான்காவது ஏட்டின் கடைசிப் பக்கம் என்னை நிறுத்தியது. கொன்யாக்கிற்குத் தெற்கே ஒரு சிற்றூர்: பார்பெசியூ. இந்தப் பெயரை எங்கோ படித்திருக்கிறேனே! இரண்டு நாள் கழித்து நினைவு வந்தது. ஹென்றி ஃபோகோனியே பிறந்த ஊர் அது.

அவரை நம்மவர் பலர் அறியார். 1879இல் பிறந்து, 1905இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றோரத்தில் தோட்டம் போட்ட பிரெஞ்சுத் துரை அவர். இந்நாட்டில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டவர் அவரே. 1917இல், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் தோட்டத்தில். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் உயரிய கோங்கூர் பரிசைப் பெற்றது. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை நான் படித்திருக்கிறேன். மலாய்ப் பாடலின் நயத்தை அவர் வியக்கும் அளவுக்குத் தமிழ்த் தொழிலாளர் உள்ளத்தை அவர் எட்டவில்லை என்பது என் கருத்து. நூல் நல்ல நூல்தான். ஆனால் தோட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: தென்னமரம்! பரிசு பெற்ற துரையின் தோட்டத்திற்குத் தமிழ்ப் பெயர்.

என் தாய் பிறந்தது அந்த வட்டாரத்தில்தான். அவருடைய தந்தை செம்பனைக் கன்றுகளுக்கு இடையே களை வெட்டியவர்.

அதன்பின் ஏட்டை வேறு கண்ணோடு படித்தேன். பன்னிரண்டு பேருக்கு மேற்படாத குழு, உள்ளூரில் வாழும் வழிகாட்டி, நாளுக்கு ஓரிடம், பிற்பகலில் ஓய்வு. பாரிஸிலிருந்து போர்தோவுக்கு விரைவு ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். உணவுப் பக்கத்தில் கடற்கரைச் சிப்பிகள், வெள்ளை அவரை, பேர்பெற்ற ஷராந்த் வெண்ணெய். அவரையும் வெண்ணெயும் உள்ள ஊரில் சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். காலமும் பொருந்தியது. திராட்சை அறுவடை செப்டம்பரில். அந்த மாதத்தில் தலைமையாசிரியன் பள்ளியை விட்டு இரண்டு வாரம் போக முடியாது. 2021இல் நீக்கப்படும்வரை ஆறாம் ஆண்டுத் தேர்வு நடந்ததும் அந்த மாதத்தில்தான். செப்டம்பர் என்றாலே என் வயிறு இன்றும் கலங்கும். டிசம்பர் விடுமுறையில் மற்ற வட்டாரங்களில் இலையுதிர்ந்த வெறுங்கொடிகளைத்தான் பார்க்கலாம். கொன்யாக்கில் அப்படியன்று. ஒயினைச் செப்புப் பாண்டத்தில் இருமுறை வடித்தெடுக்கும் வேலையை மார்ச்சு 31க்குள் முடித்தாக வேண்டும் என்பது அங்கத்திய விதி. ஆகவே குளிர்காலம் முழுதும் உலைகள் எரிகின்றன. மரப் பீப்பாய்களிலிருந்து ஆவியாகிப் போகும் பங்கைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். அந்த ஆவியை உண்டு வளரும் பூஞ்சையால் ஊரின் சுவர்களும் கூரைகளும் கரிபிடித்தாற்போல் கறுத்திருக்குமாம். நம் ஊரில் காய்ச்சுபவன் காட்டுக்குள் ஒளிந்தான். அங்கே சுவரே சாட்சி சொல்கிறது.

அந்தக் கொன்யாக்கைத்தான் நாம் பிராந்தி என்கிறோம். நான் பிறந்தபோது பாட்டி மருந்தோடு ஒரு கரண்டி பிராந்தி கலந்து என் தாய்க்குக் கொடுத்தாராம். கள்ளைச் சபித்த அதே லயத்தில் பிராந்திக்கு மருந்து என்று பெயர்.

நண்பர்கள் நான்காவது ஏட்டை ஏற்றுக்கொண்டனர். “சார் மட்டும் சுவைத்துத் துப்பிவிடலாம், விழுங்கினால்தானே வாக்குத் தவறும்?” என்று ஒருவர் நகைத்தார். நான் கொடுத்த வாக்கு வாயில் வைப்பதைப் பற்றியது, விழுங்குவதைப் பற்றியதன்று. இலக்கணம் பயிற்றுவிப்பவன் சொல்லின் எல்லையை மீற முடியாது.

எண்பதை நெருங்கும் தாயிடம் சொல்வதுதான் எஞ்சியிருந்தது. ஒரு மாலை, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

“ஏம்பா, கள்ளுக்கடையப் பாக்கவா அம்புட்டுக் காசு குடுத்துப் போற?” என்றார்.

தென்னமரத்துத் துரையின் ஊர் அது என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அங்க தென்ன மரம் உண்டா?” என்று கேட்டார். இல்லை, குளிர் நாடு என்றேன். “ஒரு வாய் குடிக்கணும்னு தோணுனா குடிச்சிக்க. அன்னிக்கு உனக்குப் பதினஞ்சு வயசு. பயந்துபோய்க் கேட்டேன்” என்றார்.

மறுநாள் பயண அலுவலகத்தில் முன்பணம் கட்டினேன். படிவத்தில் மது அருந்துவோர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. மூவர் என்று எழுதினாள் அப்பெண். மற்ற ஐவருக்கு? திராட்சைச் சாறு என்றேன். “நீங்களுமா ஐயா?” என்றாள். நானுந்தான்.

வரும் டிசம்பரில் புறப்படுகிறோம். பயணப் பையை இப்போதே எடுத்து வெயிலில் காயவைத்த என் தாய் ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறார்: “அந்தத் தொரை ஊருல எங்கப்பன் பேரு யாருக்காச்சும் தெரியுமான்னு கேட்டுட்டு வா.” பாட்டனாரின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைத்திருக்கிறேன்.